இலங்கையில் சம்பளத்தில் வரி குறைந்தது, அம்மாவின் வட்டியில் கூடியது. இது என்ன கணக்கு?

கல்லடிப் பாலம்:
எனக்கு மாதம் 2 இலட்சம் சம்பளம். 2025 மார்ச் வரை 10,500 வெட்டினார்கள், ஏப்ரலில் இருந்து 3,000 தான். சம்பளச் சீட்டை இரண்டு தரம் பார்த்தேன், சந்தோஷம். ஆனால் அம்மாவின் பெயரில் 20 இலட்சம் நிலையான வைப்பில் கிடக்கிறது, அந்த வட்டிதான் அவவின் மருந்துச் செலவு, வேறு ஒரு சதம் வருமானம் இல்லை. முன்பு வட்டியில் 5 வீதம் பிடித்தவர்கள் இப்போது 10 வீதம் பிடிக்கிறார்கள். வங்கியில் கேட்டால் "எல்லாருக்கும் அப்படித்தான்" என்கிறார்கள். பெரிய சம்பளக்காரரிடம் கூட்டச் சொன்னால் கிழவிகளிடமா கூட்டுவது? எங்கள் மேலாளர் 10 இலட்சம் எடுக்கிறார், அவருக்கு எவ்வளவு குறைந்திருக்கும்?

வயல்காரன் அக்கரைப்பற்று:
தம்பி, வங்கியில் சொன்னது பிழை. ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு மேல் போகாத ஆள் சுயபிரகடனப் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுத்தால் வட்டியில் பிடிக்க மாட்டார்கள். உம்மாவுக்கு இதையேதான் செய்தேன். முதலில் டின் இலக்கம், அதாவது வரி செலுத்துநர் அடையாள இலக்கம் எடுங்கள், அப்புறம் வைப்பு உள்ள ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். ஏற்கெனவே பிடித்ததை வருமான அறிக்கை போட்டு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் திருப்பிக் கேட்கலாம், அதற்குப் பொறுமை வேண்டும்.

களுவாஞ்சிக்குடி கணக்கு:
மேலாளரின் கணக்கு சுவாரசியமானது. பழைய முறையில் மாதம் 1 இலட்சம் வரை வரி இல்லை, அதன்பின் 6, 12, 18, 24, 30 என்று ஏறி, 308,333ஐத் தாண்டினால் 36 வீதம். இப்போது 150,000 வரை இல்லை, 12 வீதப் படியையே தூக்கிவிட்டு 6 வீதப் படியின் நீளத்தை இரட்டிப்பாக்கினார்கள், 36 வீதம் 358,333க்கு மேல்தான். உங்களுக்கு 7,500 மிச்சம், 3 இலட்சக்காரருக்கு 16,500 (35,000 இருந்தது 18,500), மேலாளருக்கு 286,500 இருந்தது 266,000, அதாவது 20,500. 4 இலட்சம் எடுப்பவருக்கும் அதே 20,500 தான். 40 இலட்சம் எடுத்தாலும் அதேதான்! அவர்களுக்குக் கூட்டவில்லை, குறைப்பிலும் ஒரு அளவோடு நிறுத்திவிட்டார்கள். 2020இல் ஆண்டுக்கு 30 இலட்சம் வரை வரியே வேண்டாம், மேல்வீதம் 18 என்று விட்டதை நினைத்தால் இது எவ்வளவோ மேல்.

பாசிக்குடா:
எல்லாம் சரி, ஆனால் 36 வீதம் 358,333இலேயே தொடங்குவது எனக்குச் சரியாகப்படவில்லை. ஆஸ்பத்திரியில் இரவு பகலாக நிற்கிற வைத்தியரும் கொழும்பில் கோடியில் புரளுகிறவரும் ஒரே மேல்படியா? என் மச்சான் அமெரிக்காவில் மசாசூசெற்ஸில் இருக்கிறான். அங்கே மாநில வருமான வரி எல்லாருக்கும் 5 வீதம், ஆண்டுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் டொலரைத் தாண்டும் பங்குக்கு மட்டும் 2023இல் இருந்து இன்னும் 4 வீதம் வைத்தார்கள், அதுவும் மக்களிடம் வாக்கெடுத்து. மத்திய அரசின் வரி வேறு. அப்படி மேலே தனிப்படி ஒன்று வைத்தால் என்ன?

களுவாஞ்சிக்குடி கணக்கு:
வைக்கலாம். ஆனால் கோடிக்காரரின் காசு சம்பளச் சீட்டில் வருவதில்லையே தம்பி, மாதாமாதம் தப்பாமல் மாட்டுவது நாங்கள்தானே.

கல்லடிப் பாலம்:
படிவம் கொடுத்தாயிற்று. முதலில் அப்படியொன்றே இல்லை என்றார்கள், உள்ளே இருந்த ஒரு தங்கச்சி லாச்சியைத் திறந்து எடுத்துத் தந்தா. அம்மா கையெழுத்து வைக்கத்தான் அரை மணித்தியாலம், கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டா. நன்றி நானா.