புதுப்பிப்பு: மணிக்குக் கீமோ தொடங்கிவிட்டோம்

எங்கள் நாய் மணியின் தாடைக்கடியில் கோலிக்குண்டு அளவுக்குக் கட்டிகள், சோதித்ததில் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், கீமோவா வெறும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையா என்று முன்பு இங்கே புலம்பியிருந்தேன். கீமோதான். மாத்திரையை முதலில் கொடுத்துப் பார்க்கலாம் என்றிருந்தேன். அதை மட்டும் முன்கூட்டியே கொடுத்தால் பிறகு கீமோ சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்று டாக்டர் தடுத்தார். நல்லவேளை கேட்டேன்.

நாலு வாரம் ஆகிறது. கட்டிகள் கைக்குத் தட்டுப்படவில்லை. முடி கொட்டவில்லை, மீசை மட்டும் உதிர்ந்திருக்கிறது. முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு நாள் சாப்பாட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்றாம் நாள் தட்டை நக்கும் சத்தம் கேட்டு அழுதுவிட்டேன்.

இது நோயைத் தீர்க்காது, நல்ல நாட்களைக் கூட்டித் தரும், அவ்வளவுதான். அவன் கஷ்டப்பட்டால் நிறுத்திவிடுவோம் என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். இப்போது என் காலடியில் குறட்டை விடுகிறான்.