அகலமாக்கிய விரைவுச்சாலை: தினமும் போய்வருபவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தினப்பயணி (தொடங்கியவர்)

பதினொரு வருடமாக ஒரே சாலைதான். வீடு ஒரு நகரத்தில், வேலை பக்கத்து நகரத்தில், நடுவில் 38 கிலோமீட்டர் விரைவுச்சாலை. அதை இரண்டு லேனிலிருந்து மூன்று லேனாக்குகிற வேலை மூன்றரை வருடம் நடந்தது. கடைசி கோனை எடுத்து இரண்டு மாதம் ஆகிறது.

ஆனால் எனக்கு மனதில் நிற்பது முழுதாகத் திறந்த நாள் இல்லை. அதற்கு ஒரு வருடம் முன்னால், முதல் 18 கிலோமீட்டரை மட்டும் முடித்துத் திறந்துவிட்ட திங்கட்கிழமை. புதுத் தார், புது வெள்ளைக்கோடு, மூன்று லேன். இத்தனை வருடத்தில் அந்த நேரத்தில் நான் நாலாவது கியரைத் தாண்டியதே இல்லை, அன்றைக்குத் தாண்டினேன். 18 கிலோமீட்டர் முடிந்தது. பழைய பாலம் வந்தது. மூன்று லேன் இரண்டாகச் சுருங்குகிற இடத்தில் நின்ற வரிசையைப் போல அதுவரை நான் பார்த்ததில்லை. மொத்தத்தில் மிச்சமானது நாலே நிமிடம். அடுத்த வாரம் அந்த நாலும் போயிற்று.

அன்றைக்கு வரிசையில் நின்றபடி கணக்குப் போட்டேன். ஒரு லேனில் மணிக்கு ஏறக்குறைய 2,000 வண்டி போகலாம். அதற்கு மேல் எவ்வளவு நெருக்கினாலும் பெரிதாகக் கூடாது. மூன்று லேன் கொண்டுவந்து கொட்டுவது 6,000 என்றால் பாலம் விடுவது 4,000. மிச்சம் நின்றுதானே ஆகவேண்டும்? முன்பு ஏழாவது கிலோமீட்டரில் நின்றோம், இப்போது பதினெட்டாவதில் நிற்கிறோம், அவ்வளவுதான்.

நிலைமை மாறியது அந்தப் பாலமும் அதை ஒட்டிய சந்திப்பும் மாறிய பிறகுதான். அங்கே முன்பு ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும் 200 மீட்டருக்குள் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டிப் போகும். ஒருவர் பிரேக் அழுத்தினால் பின்னால் இரண்டு கிலோமீட்டருக்கு அது தெரியும். இப்போது இறங்குகிறவர்களுக்குத் தனிப் பாதை. ஏறுகிறவர்கள் பாலத்துக்கு அப்பால் போய்ச் சேருகிறார்கள். அந்த ஒரு இடத்தைச் சரிசெய்ததில் எனக்குக் கிடைத்த நேரம், மூன்றாவது லேனில் கிடைத்ததைவிட அதிகம்.

நீங்கள் போகிற சாலையில் என்ன நடந்தது? சாலையில் வேலை பார்த்தவர்கள் இருந்தாலும் எழுதுங்கள். உங்கள் பக்கத்தைக் கேட்க ரொம்ப நாளாக ஆசை.

இரவுப்பணி

நான் வேலை பார்த்தவன். தார் போடுற குழுவில் ஆறு வருஷம், அதில் நாலு வருஷம் இந்த மாதிரி அகலப்படுத்துற வேலை.

எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. "பகல்ல போனா ஒரு ஆளும் இல்ல, கோன் மட்டும் வரிசையா நிக்குது, எதுக்கு லேனை அடைச்சு வெச்சிருக்கீங்க?" கோபம் எனக்குப் புரியுது. ஆனா மண்ணுக்கு நேரம் வேணும். பழைய சாலை பல வருஷம் லாரி ஓடி இறுகிப்போன மேடு. அதன் பக்கத்துல புது மண்ணைக் கொட்டினா அது தன் எடையிலேயே கீழ இறங்கும். அப்படியே மேல தார் போட்டா ரெண்டும் சேர்ற இடத்துல நீளமா விரிசல் விட்டுடும். அதனால பழைய சரிவைப் படிப்படியா வெட்டி, ஒவ்வொரு அடுக்கா மண் போட்டு ரோலர் ஓட்டுவோம். அடியில களிமண் இருந்தா மேல கூடுதல் மண்ணை ஏத்தி மாசக்கணக்குல விட்டுடுவோம், இறங்குறதெல்லாம் இறங்கி முடியட்டும்னு. நீங்க பாக்குறப்ப அங்க யாரும் இல்லை. ஆனா வேலை நடந்துக்கிட்டுத்தான் இருக்கு.

தார் ராத்திரிதான். பத்து மணிக்கு லேனை அடைப்போம், அஞ்சு மணிக்குத் திறந்தாகணும். கலவை வந்து இறங்குறப்ப 140, 150 டிகிரி இருக்கும். 90-க்குக் கீழ போறதுக்குள்ள ரோலர் வேலை முடிஞ்சிருக்கணும், இல்லன்னா இறுகாது. லாரி வழியில மாட்டிக்கிட்டா அந்த லோடு வீண். மழை வந்தா அந்த ராத்திரியே போச்சு.

ஒரு சம்பவம் சொல்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி, ராத்திரி ரெண்டரை மணி. அடைச்ச லேனுக்குள்ள ஒரு கார் கோனை இடிச்சுக்கிட்டு உள்ள வந்துருச்சு. எங்களுக்குப் பின்னால, முதுகுல பெரிய மெத்தை மாதிரி மோதல்தாங்கி பொருத்தின லாரி ஒண்ணு நிக்கும். மேல அம்புக்குறி விளக்கு மின்னிக்கிட்டே இருக்கும், பாத்திருப்பீங்க. கார் நேரா அதுல மோதுச்சு. லாரி நகர்ந்துச்சு, மெத்தை நசுங்குச்சு, ஓட்டினவருக்கு நெஞ்சுல அடி, உயிர் தப்பிச்சார். அந்த லாரிக்கு முன்னால நாப்பது மீட்டர்ல நானும் இன்னும் மூணு பேரும் குனிஞ்சு ஜாயின்ட் வெட்டிக்கிட்டு இருந்தோம். மோதின சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தோம்.

அந்த அம்புக்குறி தெரிஞ்சா, யாரும் வேலை செய்யலன்னு தோணினாலும், வேகத்தைக் குறைங்க. இதை நான் கெஞ்சித்தான் கேக்குறேன்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர்

மேலே எழுதிய அண்ணனுக்கு என் வணக்கம். நீங்கள் சொன்ன மாதிரி இடங்களுக்கு நான் வந்திருக்கிறேன்.

எங்களுக்கு வேலை நடக்கும் காலம் தனிச் சோதனை. அவசரத்துக்கு ஒதுங்குகிற ஓர ஷோல்டரை எடுத்து அதையும் லேனாக்கிவிடுவார்கள், இரண்டு பக்கமும் கான்கிரீட் தடுப்பு, லேனும் குறுகல். நடுவில் ஒரு வண்டி பழுதாகி நின்றால் நாங்கள் நுழைய இடமே இல்லை. ஒருமுறை 900 மீட்டரைக் கடக்க எனக்குப் பதினேழு நிமிடம் ஆனது. உள்ளே இருந்தவர் மூச்சுத்திணறலோடு இருந்தார். அவரைக் காப்பாற்றிவிட்டோம், ஆனால் அந்தப் பதினேழு நிமிடத்தை நான் மறக்கவில்லை.

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் விரைவுச்சாலையில் வண்டிகள் ஊர ஆரம்பிக்கும்போதே எல்லோரும் இரு பக்கமாக ஒதுங்கி நடுவில் வழி விடவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சைரன் கேட்ட பிறகு ஒதுங்க முயன்றால் தாமதம்தான், முன்னும் பின்னும் ஒட்டி நிற்கிற வண்டி எங்கே திரும்பும்? சட்டம் இல்லாத இடத்திலும் முன்னால் இருக்கும் வண்டியின் டயர் தரையைத் தொடுவது தெரிகிற அளவுக்கு இடம் விட்டு நில்லுங்கள். அந்த இடைவெளி இருந்தால் உங்களால் திரும்ப முடியும், எங்களால் போக முடியும்.

ராம்ப் சிக்னல்

எங்கள் சாலையை மேம்படுத்தியபோது லேன் கூடவில்லை. விரைவுச்சாலைக்குள் நுழைகிற இணைப்புப் பாதைகளில், அதாவது ராம்புகளில், சிக்னல் வைத்தார்கள், பச்சைக்கு ஒரு வண்டி. முதல் ஆறு மாதம் எனக்கு ஆத்திரமான ஆத்திரம். கண்ணுக்கு முன்னால் சாலை ஓடுகிறது, நான் ஏன் ராம்பில் நிற்கவேண்டும் என்று புகாரே எழுதிக் கொடுத்தேன்.

பிறகு அமெரிக்காவின் மினியாபோலிஸ் பகுதியில் 2000-ஆம் ஆண்டு நடந்ததைப் படித்தேன். அங்கேயும் மக்களுக்கு இதே கோபம். அதனால் ஏறக்குறைய 430 ராம்ப் சிக்னல்களையும் சில வாரங்களுக்கு மொத்தமாக அணைத்துப் பார்த்தார்கள். விரைவுச்சாலை கடத்திய வண்டிகளின் எண்ணிக்கை 9 சதவீதம் குறைந்தது, பயண நேரம் 22 சதவீதம் கூடியது, விபத்துகள் 26 சதவீதம் கூடின. மறுபடி இயக்கினார்கள், ஆனால் எல்லாவற்றையும் இல்லை, காத்திருக்கும் நேரத்துக்கும் வரம்பு வைத்து.

பத்து வண்டி கொத்தாக நுழைந்தால் ஓர லேனில் எல்லோரும் பிரேக் போடவேண்டும். ஒவ்வொன்றாக நுழைந்தால் இடைவெளியில் சேர்ந்துவிடலாம். ஓடுகிற சாலையைப் பார்த்து நான் ஆத்திரப்பட்டேன், அது ஓடியதே என்னைப் போன்றவர்கள் ராம்பில் நின்றதால்தான். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

சாலையோர வீடு

ஓட்டுபவர்கள் எழுதுகிறீர்கள். நான் பக்கத்தில் குடியிருப்பவள். அகலப்படுத்திய பிறகு சாலை எங்கள் சுவருக்கு ஒன்பது மீட்டர் கிட்டே வந்துவிட்டது. ஒலித்தடுப்புச் சுவர் கட்டிக் கொடுத்தார்கள். கீழ்த்தளத்தில் உண்மையாகவே நல்ல மாற்றம், ஜன்னலைத் திறந்து வைத்துப் பேச முடிகிறது. ஆனால் மாடி அறையிலிருந்து சுவருக்கு மேலே டயர்கள் தெரிகின்றன. டயர் கண்ணுக்குத் தெரிந்தால் சத்தமும் நேராகவே வரும், சுவர் அங்கே உதவாது. மாமியார் படுக்கையைக் கீழே மாற்றிவிட்டோம்.

திட்டக் கூட்டத்தில் சுவரின் உயரத்தைக் கேட்டேன். எந்தத் தளத்துக்கு எவ்வளவு குறையும் என்று கேட்கத் தெரியவில்லை. உங்கள் பக்கம் வேலை தொடங்கப்போகிறது என்றால் இதைக் கேளுங்கள். கூடவே சாலையின் மேல்பரப்பு என்ன வகை என்றும் கேளுங்கள். நுண்துளையுள்ள தார் போட்டால் டயர் சத்தமே குறைவாகப் பிறக்கும், ஆனால் துளைகள் அடைபடாமல் பராமரிக்கவேண்டும்.

பஸ் பயணி

நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலை நடந்த காலத்தில் ஒரு லேனை பஸ்ஸுக்கு மட்டும் ஒதுக்கினார்கள். அந்த இரண்டு வருடமும் நான் நேரத்துக்கு வேலைக்குப் போனேன். வேலை முடிந்ததும் அந்த லேனை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். இப்போது காருக்குள் நிற்பவர்களோடு நானும் நிற்கிறேன். பஸ்ஸில் நாங்கள் ஐம்பது பேர்.

பழைய ஓட்டுநர்

தினப்பயணி அவர்களே, உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க எழுதவில்லை. ஆனால் நான் இரண்டு முறை அகலமான சாலையில் ஓட்டியவன். முதல் முறை மூன்று வருடம் நன்றாக இருந்தது. பிறகு மாற்றுவழியில் போனவர்கள் திரும்பி வந்தார்கள், ஆறு மணிக்கே கிளம்பிவந்தவர்கள் ஏழரைக்குக் கிளம்பினார்கள், தூரத்தில் வீடு வாங்கினார்கள். அந்தோனி டவுன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1962-லேயே இதை எழுதிவிட்டார், நெரிசல் நேரத்தில் சாலை எவ்வளவு கூடினாலும் வண்டிகள் அதை நிரப்பும் என்று. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி விரைவுச்சாலையை 2008-இல் அகலமாக்கி முடித்தார்கள், பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் இருபதுக்கும் மேற்பட்ட லேன். சில வருடங்களில் நெரிசல் திரும்ப வந்தது.

சந்திப்பைச் சரிசெய்தது வேறு விஷயம், அதில் விபத்தும் குறையும். அது நிலைக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். மூன்றாவது லேனைப் பற்றித்தான் என் கவலை. பஸ் பயணி சொன்னதை அதிகாரிகளுக்கு இப்போதே எழுதுங்கள், காலையில் மட்டுமாவது ஒரு லேனை பஸ்ஸுக்குக் கொடுங்கள் என்று. சாலை நிரம்பிய பிறகு கேட்டால் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

தினப்பயணி (தொடங்கியவர்)

எல்லோருக்கும் நன்றி. இரவுப்பணி அண்ணா, அந்த லாரியை நான் நூறு முறையாவது தாண்டியிருப்பேன். அதற்கு முன்னால் ஆட்கள் குனிந்திருப்பார்கள் என்று ஒருமுறையும் நினைத்ததில்லை.

பழைய ஓட்டுநர் ஐயா சொன்னதைப் படித்துவிட்டு, திறந்த நாளிலிருந்து நான் குறித்துவைத்த நேரங்களை எடுத்துப் பார்த்தேன். முதல் வாரம் சராசரி 41 நிமிடம். போன வாரம் 44. பாலத்தருகே இன்னும் ஒருநாள்கூட நிற்கவில்லை, கூடிய மூன்று நிமிடமும் நகரத்துக்குள் இறங்குகிற கடைசி எக்ஸிட்டில், அங்கே உள்ள சிக்னலில். வரிசை அங்கிருந்து பின்னோக்கி வளருகிறது.

பஸ் லேன் பற்றி எழுதத் தொடங்கிவிட்டேன். இந்த நேரக் குறிப்புகளையும் சேர்த்து அனுப்புகிறேன். குறிப்பது தொடரும், ஆறு மாதம் கழித்து எண்களோடு இங்கேயே வருகிறேன்.