வரப்பில் நடக்கும் இயந்திரத்துக்கு எந்தத் திறமூல இயற்பியல் மென்பொருள்?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்):
வணக்கம். நெல்வயல் வரப்பின் மேல் வழுக்காமல் நடக்கும் நான்குகால் இயந்திரத்தின் நடையைப் பரிணாமக் கணிமை (பல மாதிரிகளை ஓட்டி, நன்றாக நடப்பவற்றைச் சிறிது மாற்றி அடுத்த தலைமுறையை உருவாக்கும் முறை) வழியாகக் கண்டறிவது என் முதுகலை ஆய்வு. தலைமுறைக்கு 200 உயிரிகள் (கணினிக்குள் நடக்கும் மாதிரி இயந்திரங்கள்), 500 தலைமுறைகள், உயிரி ஒன்றுக்கு 10 விநாடி ஓட்டம் என்று திட்டமிட்டுள்ளேன். என்னிடம் இருப்பது சாதாரண மேசைக்கணினி. உரிமக் கட்டணம் கொடுக்க வழியில்லை. உடல்களின் அசைவைக் கணக்கிடும் முஜோகோ, புல்லட் என்ற இரு மென்பொருள்களில் எதை எடுக்கலாம்? கால்களின் எண்ணிக்கையும் பின்னர் பரிணாமத்துக்குள் வரக்கூடும்.

மறுமொழி (நகரி, ஆந்திரம்):
உரிமத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், தம்பி. முஜோகோவைக் கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் 2021-இல் வாங்கி, 2022-இல் அப்பாச்சி 2.0 உரிமத்தில் மூலநிரலோடு வெளியிட்டது. புல்லட்டும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. முஜோகோவின் இயல்பான காலப்படி (ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம்) 0.002 விநாடி என்பதால், உங்கள் திட்டத்தில் ஓர் ஓட்டத்துக்கு 5,000 படிகள், லட்சம் ஓட்டங்களுக்கு 50 கோடிப் படிகள் ஆகின்றன. ஓட்டங்கள் ஒன்றையொன்று சாராதவை. எனவே திரைக்காட்சியை நிறுத்திவிட்டு, கணினிச் செயலியின் எல்லாக் கருக்களுக்கும் (கோர்) அவற்றைப் பங்கிட்டுக் கொடுங்கள். வரைகலைச் செயலியில் ஆயிரக்கணக்கான உயிரிகளை ஒருசேர ஓட்டும் எம்ஜேஎக்ஸ் என்ற முஜோகோ வடிவம் உங்களைக் கவரலாம்; ஆனால் எல்லா உயிரிகளுக்கும் உடலமைப்பு ஒன்றாக இருந்தால்தான் அது பயன் தரும். கால்களின் எண்ணிக்கை மாறப்போகிறது என்றால் சாதாரண முஜோகோவே போதும். ஒவ்வொரு உயிரியின் உடலையும் எக்ஸ்எம்எல் கோப்பாக எழுதிக் கொடுத்துவிடலாம்.

மறுமொழி (கொல்லங்கோடு):
நண்பர் சொன்னதோடு உடன்படுகிறேன். என்றாலும் வேகத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. மென்பொருளின் கணக்குப் பிழையைப் பரிணாமம் தேடிப் பிடித்துப் பயன்படுத்திக்கொள்ளும். 1994-இல் மெய்நிகர் உயிரிகளைப் பரிணமிக்க வைத்த கார்ல் சிம்ஸே இதை எச்சரித்திருக்கிறார். என் ஓட்டம் ஒன்றில் வெற்றிபெற்ற உயிரி நடக்கவே இல்லை. பாதத்தைத் தரைக்குள் அழுத்தி, மென்பொருள் அதை வெளியே தள்ளும் விசையில் தவளைபோலத் தாவிச் சென்றது. தூரத்தை மட்டும் பார்த்திருந்தால் அதுவே என் ஆய்வின் முடிவாகியிருக்கும். அதனால் ஒவ்வொரு தலைமுறையிலும் முதலிடம் பெறுவதைப் பாதிக் காலப்படியில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். தூரம் சடாரென்று குறைந்தால் அது நடையல்ல.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி, ஐயா. முஜோகோவில் தொடங்குகிறேன். மழைக்காலத்தில் வரப்பின் சேற்றில் கால் புதையுமே, அதையும் அதிலேயே காட்ட முடியுமா?

மறுமொழி (நகரி):
முஜோகோவின் தரை அமுங்காது. உராய்வுக் கெழுவை (தரை காலை எவ்வளவு பற்றும் என்ற எண்ணை) ஓட்டத்துக்கு ஓட்டம் மாற்றினால் வழுக்கலை ஓரளவு காட்டலாம். புதைவதைக் காட்ட முடியாது. அதற்கு, அமுங்கும் மண்ணைக் கணக்கிடும் ப்ராஜெக்ட் க்ரோனோ உண்டு, அதுவும் திறமூலம்தான். லட்சம் ஓட்டங்களையும் அதில் ஓட்டாதீர்கள். முஜோகோவில் இறுதியாகத் தேறும் பத்து உயிரிகளை மட்டும் அங்கே நடக்கவிட்டுப் பாருங்கள்.