வத்தல் மூட்டைக்கு எந்த விலை போடணும்?

கீழமாசிக் கடைக்காரர்:
ஓ.டி. (இருப்புக்கு மேல எடுக்குற கடன்) லிமிட்டைக் கூட்டிக் கேட்டு பேங்க்குக்குப் போனேன். மார்ச் 31 பேலன்ஸ் ஷீட்ல முண்டு மிளகாய் வத்தல் 200 மூட்டையும் வாங்கின விலைக்கே நிக்குது. இன்னிக்கு மூட்டைக்கு 1,500 ரூபாய் கூட. 3 லட்சம் கணக்குலயே இல்ல! இதைப் பாத்து கடன் குடுக்குறவர் என்ன முடிவு எடுப்பார்?

ஆடிட் ஆபீஸ் மீனா:
அண்ணே, அந்த 3 லட்சம் மூட்டை வித்தாத்தான் வரும். சரக்குக்கு விலை போடுறதுக்கான விதி, கணக்கியல் தரம் 2 படி அடக்க விலை, வித்தா செலவு போக நிக்கிற விலை, இதுல எது குறைவோ அதைத்தான் போடணும். அடக்க விலைக்கு பில் இருக்கு, யார் வேணா சரிபாக்கலாம். 2009 ஜனவரியில சத்யம் சாஃப்ட்வேர் கம்பெனியோட கணக்கு மோசடி வெளிய வந்தப்போ, இல்லாத ரொக்கமும் பேங்க் இருப்பும் மட்டும் 5,040 கோடி. நம்ப முடியாத கணக்கு இன்னிக்கு விலையிலயே இருந்தும் என்ன பிரயோசனம்?

கீழமாசிக் கடைக்காரர்:
சத்யத்தையும் என் குடோனையும் ஒரே தராசுல வைக்காதீங்கம்மா. வத்தல் விலை மண்டியில எல்லாருக்கும் தெரியும். விலை விழுந்தா உடனே குறைக்கணும், ஏறினா கண்டுக்கக் கூடாதுன்னா அது எப்படி நியாயம்?

ஆடிட் ஆபீஸ் மீனா:
கேள்வி சரிதான். இன்னொரு கணக்கியல் தரமான 'இந்த் ஏஎஸ் 2'ல (Ind AS 2) சரக்குத் தரகு வியாபாரிகள் சந்தை விலையில காட்ட இடம் இருக்கு. ஆனா அந்தத் தரம் பெரிய கம்பெனிகளுக்கு, நம்ம கடைக்கு வராது.

ரிட்டயர்டு லோன் ஆபீசர்:
சரக்கு விலைதான் மாசாமாசம் பேங்க்குக்குக் குடுக்குற ஸ்டாக் ஸ்டேட்மென்ட்ல வந்துருதே. நான் முதல்ல பாக்குறது வரவேண்டிய பாக்கியை. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கடையில 'கடனாளிகள் 18 லட்சம்'னு ஒரே வரி. கூட்டல் சரி, ஆடிட்டர் கையெழுத்தும் இருந்துச்சு. லெட்ஜரைப் புரட்டினா 7 லட்சம் மூணு வருஷத்துக்கு முந்தினது, பாக்கி வச்சதுல ரெண்டு கடை பூட்டியே கிடந்துச்சு. 90 நாள் தாண்டின பாக்கியை நாங்க பொதுவா கடன் லிமிட்டுக் கணக்குல சேக்க மாட்டோம். கம்பெனிகள் பாக்கியை ஆறு மாசம், ஒண்ணு, ரெண்டு, மூணு வருஷம்னு பிரிச்சுக் காட்டணும்னு 2021லயே கொண்டுவந்துட்டாங்க. தனிக் கடைக்குக் கட்டாயம் இல்லைன்னாலும் நீங்களே இணைச்சுக் குடுங்க.

ஆடிட் ஆபீஸ் மீனா:
சார், பேங்க் கேக்குற ஒவ்வொரு பட்டியலுக்கும் சின்னக் கடைக்காரர் தனியா ஆள் போட முடியுமா? அந்தச் செலவையும் பாக்கணும்ல.

ரிட்டயர்டு லோன் ஆபீசர்:
டேலி கணக்கு சாஃப்ட்வேர்ல அஞ்சு நிமிஷ வேலைம்மா.

கீழமாசிக் கடைக்காரர்:
எடுத்துப் பாத்துட்டேன் சார். மூணு வருஷம் தாண்டினது 2,10,000. பாதி, தவறிப்போன ஒருத்தர் பேர்ல. அவர் வீட்டுல கேக்க மனசு வரல, அப்படியே விட்டுட்டேன். வத்தல் விலையில மட்டும் நான் சொன்னதுதான் சரின்னு இப்பவும் நினைக்கிறேன்.

ஆடிட் ஆபீஸ் மீனா:
அந்தப் பாதியை இந்த வருஷமே வராக்கடன்ல எழுதிரலாம் அண்ணே. லெட்ஜரோட வாங்க.