லீக் பட்டம் ஒருவருக்கு, கோப்பை இன்னொருவருக்கு: பிக் டென் மகளிர் கூடைப்பந்து அனுபவங்கள்

மினியாபொலிஸ் வாசி:

2024 மார்ச்சில் எங்கள் ஊர் டார்கெட் சென்டர் அரங்கில், அமெரிக்கப் பல்கலைக்கழக லீக்கான பிக் டென்னின் மகளிர் கூடைப்பந்து நாக் அவுட் (லீக் ஆட்டங்கள் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் தொடர்) நடந்தபோது, தொடர் ஆரம்பிக்கும் முன்பே டிக்கெட் தீர்ந்துவிட்டது. அந்தத் தொடருக்கு அது முதல்முறை. பெயரில் பத்து என்றிருந்தாலும் பதினான்கு பல்கலைக்கழகங்கள் ஆடின. ஆனால் எங்கே திரும்பினாலும் அயோவாவின் கறுப்பு மஞ்சள் சட்டைதான். ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வந்தவர்கள். அயோவாவின் நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க்கைப் பார்க்கத்தான் என்று சொல்லவும் வேண்டுமா? அந்த வாரம்தான், மார்ச் 3 அன்று, ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் பீட் மாராவிச் வைத்திருந்த 3,667 புள்ளிகள் என்ற சாதனையைத் தாண்டியிருந்தார்.

நான் எழுத வந்தது பக்கத்து இருக்கைப் பெண்மணியைப் பற்றி. அறுபதைக் கடந்தவர், அயோவாவின் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் ஆடியவர். அவர் காலத்தில் அங்கே பெண்கள் அணிக்கு ஐந்துக்குப் பதில் ஆறு பேர். மூவர் தாக்குவார்கள், மூவர் தடுப்பார்கள். நடுக்கோட்டை எவரும் தாண்டக் கூடாது. பந்தைத் தரையில் இரண்டு முறைக்கு மேல் தட்டக் கூடாது. பெண்களின் உடம்பு அதற்கு மேல் தாங்காது என்ற நினைப்பில் பிறந்த ஆட்டம் அது. அயோவாவில் 1993 வரை நீடித்தது. இவர் தடுப்பாட்டக்காரர். பள்ளி ஆட்டங்களில் ஒருமுறைகூடக் கூடையை நோக்கிப் பந்தை எறிந்ததே இல்லையாம். பந்தைப் பறித்துக் கோட்டருகே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் அவர் வேலை முடிந்தது. பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிர்ப்பாதியை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

நான் முகத்தைச் சற்றுத் தொங்கவிட்டிருப்பேன் போலிருக்கிறது. உடனே அதட்டினார். “பரிதாபப்படாதீர்கள். மற்ற பல மாநிலங்களில் பெண்களுக்கு அணியே இல்லாத காலத்தில் டெமோய்ன் அரங்கம் நிரம்ப நாங்கள் ஆடினோம். மாநிலப் போட்டியைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள்!” அயோவாவின் அன்றைய துணைப் பயிற்சியாளர் ஜான் ஜென்சன் அதே ஆறு பேர் ஆட்டத்தில் வளர்ந்தவர், பள்ளியின் கடைசி ஆண்டில் ஆட்டத்துக்குச் சராசரியாக 66 புள்ளிகள் எடுத்தவர் என்ற தகவலையும் அவரே சொன்னார். சிறிது நேரத்தில் கிளார்க் கூடைக்கு வெகு தொலைவிலிருந்து எறிந்தார். “நான் பந்தைக் கொடுத்துவிட்டு நின்ற இடத்திலிருந்து இந்தப் பெண் எறிகிறாளே!” என்று எழுந்தே நின்றுவிட்டார்.

இறுதி ஆட்டத்தில் எதிரணி நெப்ராஸ்கா. பிப்ரவரியில் தங்கள் ஊரான லிங்கனில் அயோவாவை 82–79 என்று வீழ்த்தியவர்கள். அன்று நான்காவது கால்பகுதியில் கிளார்க்கை ஒரு புள்ளிகூட எடுக்கவிடவில்லை. இங்கேயும் முதல் பாதியில் அவர் எடுத்தது நான்கே புள்ளிகள். அயோவா 11 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. இடைவேளைக்குப் பிறகு கூடுதல் நேரத்தையும் சேர்த்துக் கிளார்க் 30 எடுத்தார். 94–89 என்று அயோவாவுக்கு வெற்றி. தொடர்ந்து மூன்றாவது கோப்பை.

கொலம்பஸ் வாசி:

அருமையான பதிவு. ஆனால் படிக்கிறவர்கள் அந்த ஆண்டின் சாம்பியன் அயோவா என்று நினைத்துவிடப் போகிறார்கள். லீக் பட்டம் எங்கள் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு! பதினெட்டு ஆட்டங்களில் 16 வெற்றி. அயோவாவும் இந்தியானாவும் 15.

ஜனவரி 21 அன்று அயோவா இங்கே வந்தபோது அரங்கில் இருந்தேன். கிளார்க் 45 புள்ளிகள் எடுத்தும் கூடுதல் நேரத்தில் 100–92 என்று நாங்கள் வென்றோம். எங்கள் கோட்டி மெக்மேன் 33. மணி அடித்ததும் மாணவர்கள் ஆடுகளத்துக்குள் பாய்ந்தார்கள். ஓடிவந்த ரசிகை ஒருத்தி மோதியதில் கிளார்க் கீழே விழுந்தார். மறுநாள் ஊடகங்களில் அதுவே பேச்சு. மெக்மேனின் ஆட்டம் எங்கோ போய்விட்டது. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அது.

மினியாபொலிஸில் என்ன நடந்தது? லீக்கில் முதல் நான்கு இடம் பிடித்தவர்கள் நேராகக் காலிறுதியில்தான் இறங்குவார்கள். ஏற்கெனவே ஓர் ஆட்டம் ஆடிச் சூடேறி நின்ற மேரிலண்ட் எங்களை 82–61 என்று துவைத்து அனுப்பியது. இரண்டு மாதத்துக்கு மேல் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த பெயர் ஒரே பிற்பகலில் பின்னுக்குப் போயிற்று. நாக் அவுட்டை வென்றால் தேசியப் போட்டிக்கு நேரடி இடம் உண்டு என்பது சரி. நடுவில் தத்தளிக்கிற அணிக்கு அது உயிர்நாடி. முன்னணி அணிகளுக்கோ எப்படியும் அழைப்பு வந்துவிடும். தரவரிசை ஒரு படி ஏறும் அல்லது இறங்கும், அவ்வளவுதான். அப்படியிருக்க, நான்கைந்து நாள் ஆட்டத்துக்கு லீக் பட்டத்தைவிட ஏன் இத்தனை ஆரவாரம்?

லாஸ் ஏஞ்சலஸ் வாசி:

எங்கள் வீட்டிலும் இதே சண்டைதான். எங்கள் ஊரின் இரண்டு பல்கலைக்கழகங்களில் மகள் யூசிஎல்ஏ பக்கம், மருமகன் யுஎஸ்சி பக்கம். பசிபிக் கரையிலிருந்து நான்கு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பிக் டென் 18 அணிகளான பிறகு வந்த முதல் மகளிர் தொடர் 2025இல். பதினெட்டிலும் 15 அணிகளுக்குத்தான் நாக் அவுட்டில் இடம். அந்த சீசனில் யூசிஎல்ஏ லீக் ஆட்டங்களில் தோற்றது இரண்டே முறை, இரண்டும் யுஎஸ்சியிடம். மார்ச் 1 அன்று யூசிஎல்ஏயின் சொந்த அரங்கிலேயே வென்று யுஎஸ்சி 17–1 (17 வெற்றி, 1 தோல்வி) என்று லீக் பட்டத்தை எடுத்துக்கொண்டது. மருமகன் வீட்டுக்குள் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்! எட்டே நாளில் இண்டியானாபொலிஸில் நாக் அவுட் இறுதி. யூசிஎல்ஏ 72–67. இரண்டு பேரும் நான்தான் சாம்பியன் என்கிறார்கள். நான் தலையிடுவதில்லை.

மினியாபொலிஸ் வாசி:

கொலம்பஸ் நண்பருக்கு ஒன்று. 2023இல் லீக் பட்டம் இந்தியானாவுக்கு, 16–2. நாக் அவுட் அரையிறுதியில் 24 புள்ளிகள் முன்னிலையில் இருந்தவர்களை 79–75 என்று கவிழ்த்தது ஒஹாயோ ஸ்டேட். அன்றைக்கு உங்கள் ஊரில் யாரும் லீக் பட்டத்தின் பெருமையைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லையே?