குடைமிளகாய் மணக்கிற சிவப்பு ஒயின்: உங்களுக்கு நடந்ததுண்டா?

பாரிஸில் உணவகக் குசினி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. மேசை பார்க்கிற பையன், மிச்சம் வந்த ஷினோன் (பிரான்சின் லுவார் ஆற்றுப் பக்கத்துச் சிவப்பு ஒயின்) போத்தலிலிருந்து அரைக் கிளாஸ் ஊற்றித் தந்தான். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனதும், யாராவது பக்கத்தில் குடைமிளகாய் வெட்டுகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. பழுதாய்ப் போன போத்தல் என்று கீழே வைத்துவிட்டேன். அவன் சிரித்தான்.

அதுவரை நான் குடித்ததெல்லாம் தெற்கத்தி வெயிலில் விளைந்த, பழப்பாகு மாதிரிக் கனத்த ஒயின்கள். இது வேறு சாதி. அடுத்த வாரம் நிலவறையிலிருந்து நேரே வந்த போத்தலில், 15 டிகிரிக் குளிர்ச்சியில் குடித்தபோதுதான் பிடிபட்டது. முதலில் புளிப்பு, பிறகு ராஸ்பெர்ரி, அதன் பின்னால் அப்போதுதான் சீவிய பென்சில். விழுங்கிய பிறகு நாவல்பழம் தின்றது போல ஈறில் லேசான துவர்ப்பு. முதல் நாள் குடித்தது அடுப்படிச் சூட்டில் கிடந்த போத்தல். பாதிப் பழி அதற்கும் உண்டு.

•••

அண்ணை, அது பழுது இல்லை, கபர்னே ஃப்ரான் திராட்சையின் குணமே அதுதான். தூர் நகரில் படித்த காலத்தில் இரண்டு வருடம் ஷினோன் பக்கம் திராட்சை பறிக்கப் போனேன். அங்கே அதற்கு 'ப்ரத்தோன்' என்றும் ஒரு பெயர் உண்டு. மணத்துக்குக் காரணம் மெத்தாக்சிபைரசின். குடைமிளகாயில் இருப்பதும் அதே பொருள். பழம் முற்ற முற்ற, வெயில் பட பட அது குறையும். லுவார் பக்கம் வெயில் கொஞ்சம் கஞ்சம், அதனால் கொத்தைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளி வெளிச்சம் விடுவார்கள். குளிரில் பழத்தின் புளிப்பும் கரையாமல் நிற்கும்.

ஆற்றோரச் சரளை நிலத்து ஒயினை இளசாகவே குடித்துவிடலாம். சுண்ணாம்புக் கல் சரிவில் விளைந்தது கொஞ்சம் முரடு, வருடக்கணக்கில் பொறுக்கவேண்டும். அந்தக் கல்லை வெட்டித்தான் அங்கே கோட்டைகள் கட்டினார்கள். வெட்டிய குகைகளில் இப்போது ஒயின் பீப்பாய்கள் அடுக்கியிருக்கின்றன. செப்டம்பரில் வியர்த்துக் கொட்டப் பறித்துவிட்டு உள்ளே போனால் உடம்பு சிலிர்க்கும்.

•••

என் பங்குக்கு நானும் ஒன்று சொல்கிறேன். கனடாவில் நயாகராப் பக்கமும் இதே திராட்சைதான், கொடியிலேயே உறைந்த பழத்தைப் பிழிந்து ஐஸ் ஒயின்கூடப் போடுகிறார்கள். கபர்னே சொவின்யோன் என்ற பேர்போன திராட்சைக்கு இது தகப்பன் முறை என்று 1997இல் மரபணுச் சோதனையில் தெரியவந்தது. பிள்ளைக்குக் கிடைத்த பெயர் தகப்பனுக்குக் கிடைக்கவில்லை, அது வேறு கதை. ஒரு எச்சரிக்கை: நல்ல உறைப்பான ஆட்டுக்கறியோடு குடித்துப் பார்த்தேன். துவர்ப்பும் உறைப்பும் கூட்டுச் சேர்ந்து நாக்கை ஒரு வழி பண்ணிவிட்டன. சுட்ட கத்தரிக்காய்ச் சம்பலோடு நன்றாகவே போனது, மிளகாயைக் குறைத்திருந்தேன்.

•••

தொடக்கி வைத்தவன்தான் மறுபடியும். நேற்று 2018ஆம் வருடத்து ஷினோன் ஒன்றைத் திறந்தேன். நல்ல வெயில் கண்ட வருடம். நிறம் கறுத்து, பழச்சுவை வாய் நிறைய இருந்தது. மூன்று தடவை மோந்து பார்த்தேன், குடைமிளகாயைக் காணோம். கொஞ்சம் ஏமாற்றமாகப் போய்விட்டது.