இணையமே இல்லாத கணினிகளில் லினக்ஸ்: ஒரு யோசனை வேண்டும்

நண்பர்களே, இணைய இணைப்பு இல்லாத சிலருக்குக் கட்டற்ற மென்பொருட்களைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்து வருகிறேன். விண்டோஸ்காரர்களுக்கு லிப்ரே ஆபீஸ், விஎல்சி, ஜிம்ப், அப்புறம் இணையமில்லாமலே படிக்க உதவும் கிவிக்ஸ் செயலியில் தமிழ் விக்கிப்பீடியா. இதில் சிக்கலே இல்லை.

லினக்ஸ்தான் தலைவலி. உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் குறுவட்டை வீட்டுக்கே இலவசமாக அனுப்பியதெல்லாம் 2011-ஓடு போயிற்று. சரி, நானே நிறுவிக் கொடுக்கிறேன். ஆனால் பிறகு புதிதாக ஏதாவது கேட்டால்? அதற்கான டெப் கோப்பை (உபுண்டுவில் மென்பொருளை நிறுவும் பொதி) கொண்டுபோனால் அது இன்னொன்றைக் கேட்கிறது. அதைக் கொண்டுபோனால் மூன்றாவதை. போன வாரம் ஒரே மென்பொருளுக்கு மூன்று நடை!

ஏப்டி-ஆஃப்லைன் என்ற கருவியைப் பற்றிப் படித்தேன். இணையமில்லாத கணினியில் தேவைப்பட்டியலை எடுத்து, இணையமுள்ள கணினியில் இறக்கி, திரும்பக் கொண்டுபோய் நிறுவலாம். ஆனால் அந்தக் கருவியையே முதலில் இணையமில்லாத கணினியில் ஏற்ற வேண்டுமே. யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? இல்லை, டெபியன் என்ற லினக்ஸ் வகையின், மென்பொருட்கள் அடங்கிய டிவிடி படிமங்களையே மொத்தமாகக் கொடுத்துவிடுவது மேலா?

இன்னொன்று. ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வரும் மென்பொருளைக் கைமாற்றும்போது அதன் மூலநிரலுக்கும் (நிரலாளர் எழுதிய நிரல்) வழி செய்ய வேண்டும். பென்டிரைவில் கொடுப்பவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? மூலநிரலையும் சேர்த்தால் இடம் போதவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.